வரைபடத்துப் பச்சையும் பள்ளிக்கூட மரமும்

செயற்கைக்கோள் படத்தில் ஜொகூரைப் பார்த்தால், இந்த மாநிலத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் தோன்றும். தெற்கே ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், கூலாய்ப் பக்கம் சாம்பல் திட்டுகள். மேற்கே பத்து பகாட், மூவாரில் இன்னும் சில. மிச்சமெல்லாம் பச்சை. வடக்கே எண்டாவ்-ரொம்பின் காடு, தங்காக் பக்கம் 1,276 மீட்டர் உயர லேடாங் மலை, தென்மேற்கே சுங்கை பூலாய் அலையாத்திக் காடு. இவற்றுக்கு நடுவே எங்கு திரும்பினாலும் செம்பனை. ஏறக்குறைய 7 லட்சம் ஹெக்டேர், அதாவது மாநிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அந்தப் படத்தை வைத்துவிட்டு, ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு தாமான் வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, இருட்டிலேயே பள்ளி வேன் ஏறுகிறது. அப்பா அதற்கும் முன்பே சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளில் நிற்கிறார். ஏழரைக்கு வகுப்பு, சிமெண்டுத் தளத்தில் சபைகூடல், கூரை போட்ட சிற்றுண்டிச்சாலை, மீண்டும் வேன், பிறகு டியூஷன் வகுப்பு, இரவு கைப்பேசி. அன்றைக்கு அது ஒரு மரத்தின் அடியில் நின்றதா? வேன் கண்ணாடி வழியாகச் செம்பனை வரிசைகள் ஓடியதைப் பார்த்திருக்கலாம். வேலி போட்ட, யாரும் இறங்க முடியாத பச்சை அது.

பிள்ளைகளின் படிப்புக்கும் பசுமைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கும் ஆய்வுகள் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் நிறையவே வந்துவிட்டன. மாவட்டம் முழுக்கக் காடு இருப்பதைவிட, பிள்ளை நாள்தோறும் உட்கார்ந்து படிக்கும் இடத்தைச் சுற்றி என்ன வளர்கிறது என்பதே முக்கியம் என்ற பக்கமாகத்தான் அவற்றை நான் வாசிக்கிறேன். அப்படிப் பார்த்தால் பச்சை மாநிலமான ஜொகூரின் பள்ளிகளுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் ஆய்வு ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் நடந்தது. பயாம் தத்வந்த் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 36 தொடக்கப்பள்ளிகளில் 2,593 பிள்ளைகளை 2012 ஜனவரியிலிருந்து 2013 மார்ச் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணினி முன் உட்கார வைத்து ஒரு சோதனை. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வந்து மறையும். இப்போது வந்த எண், அதற்கு இரண்டு எண்ணுக்கு முன் வந்ததேதான் என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். அடுத்த சுற்றில் இரண்டு மூன்றாகும். விளையாட்டுப் போலத் தெரியும். செய்து பார்த்தால் பெரியவர்களுக்கே வியர்க்கும். புதிய எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும், பழையதைத் தள்ளிவிட வேண்டும், நடுவில் உள்ளதை விடாமல் பிடித்திருக்க வேண்டும். மூளையின் இந்தத் திறனைத்தான் செயல்நினைவு என்கிறார்கள். வாய்க்கணக்கில் கடன் வாங்கிக் கழிக்கும்போதும், நீண்ட வாக்கியத்தின் எழுவாயை மறக்காமல் பயனிலை வரை போகும்போதும் பிள்ளை இதைத்தான் பயன்படுத்துகிறது.

இந்த வயதில் செயல்நினைவு தானாகவே வளரும். பசுமை கூடுதலான பள்ளிகளில் படித்த பிள்ளைகளிடம் அந்த ஓராண்டு வளர்ச்சி ஏறத்தாழ 5 விழுக்காடு அதிகமாக இருந்தது. கவனச்சிதறலும் சற்றே குறைந்திருந்தது. 5 விழுக்காடு பெரிய எண் இல்லைதான். ஆனால் யாரும் கூடுதல் வகுப்பு நடத்தாமல், பயிற்சி நூல் வாங்காமல், தானாக வந்த 5 விழுக்காடு அது. என் கண்ணை நிறுத்திய செய்தி வேறொன்று. வீட்டைச் சுற்றியுள்ள பசுமையைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது தெளிவான தொடர்பு தென்படவில்லை. பள்ளி வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்த பசுமையிலேதான் தென்பட்டது. யோசித்தால் வியப்பில்லை. பிள்ளை விழித்திருந்து மூளையைக் கசக்கும் நேரமெல்லாம் பள்ளியில்தானே கழிகிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். பசுமையான பகுதிகளில் வசதியானவர்கள் வாழ்வார்கள்; வசதியானவர்களின் பிள்ளைகள் எப்படியும் நன்றாகப் படிக்கும்; இதில் மரத்துக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. பெற்றோரின் கல்வி, வட்டாரத்தின் வறுமை போன்றவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு நிற்கிறது என்று பார்சிலோனாக் குழு சொன்னது. ஆனாலும் கணக்கில் கழிப்பது வேறு, சோதனை செய்து பார்ப்பது வேறு.

சோதனையும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் தோங்யிங் லீ, வில்லியம் சலிவன் என்ற இருவர் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் 94 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று வகையான அறைகளுக்கு அனுப்பினார்கள். ஒன்றுக்குச் சன்னலே இல்லை. இன்னொன்றின் சன்னலில் கட்டடச் சுவர் தெரியும். மூன்றாவதின் சன்னலில் மரஞ்செடிகள் தெரியும். முதலில் மாணவர்களுக்கு மூளையைக் களைப்பாக்கும் வேலைகள் கொடுத்தார்கள். பிறகு பத்து நிமிட ஓய்வு. அதன் பின் கவனச் சோதனை. 2016-இல் வெளியான முடிவு: மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் மற்ற இரு குழுவினரையும்விட நன்றாக மீண்டிருந்தார்கள். இதிலுள்ள நுட்பம் என்னவென்றால், வேலை செய்துகொண்டிருந்தபோது மூன்று அறைகளுக்கும் வித்தியாசம் ஏதும் இல்லை. ஓய்வுக்குப் பிறகுதான் வித்தியாசம் வந்தது. மரத்தைப் பார்ப்பதால் அறிவு கூடிவிடவில்லை. தீர்ந்துபோன கவனம் சீக்கிரமாகத் திரும்பிவந்தது.

இதற்குக் காரணம் சொல்லும் கோட்பாட்டை ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் 1989-இல் ஒரு நூலாகவே எழுதினார்கள். கவனம் இருவகை என்பது அவர்களின் அடிப்படை. ஒன்று, நாமாக வலிந்து செலுத்துவது. வகுப்பில் விசிறி ஓடும் சத்தம், பக்கத்து மாணவனின் குசுகுசுப்பு, வயிற்றுப் பசி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெண்பலகையை மட்டும் பார்ப்பது. ஒதுக்கும் வேலைதான் அதிகம், ஆகவே சீக்கிரம் களைத்துவிடும். இன்னொன்று, தானாகப் போகும் கவனம். இலை அசைகிறது, எறும்பு ஊர்கிறது, மேகம் கறுக்கிறது. நாம் எதுவும் செய்யாமலேயே மனம் அங்கே போகிறது. இந்த இரண்டாவது வகை வேலை செய்யும் நேரத்தில் முதல் வகை ஓய்வெடுக்கிறது. கைப்பேசி விளையாட்டும் கவனத்தை இழுக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அது முரட்டுத்தனமாகப் பிடித்து இழுக்கிறது. வேறொன்றை நினைக்க இடமே விடாது. மரநிழல் மனத்துக்கு இடம் விட்டு இழுக்கிறது.

ஓய்வு நேரத்தில் பிள்ளைகளை வகுப்பறையிலேயே உட்கார வைத்து வீட்டுப்பாடம் முடிக்கச் சொல்லும் வழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் உண்டு. மேற்சொன்ன இலினாய் ஆய்வை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்த ஆசிரியர் அடுத்த பாடவேளையின் கவனத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறார்.

இனி நம் பள்ளித் திடலுக்கு வருவோம். மலேசியாவில் பள்ளி என்றால் திடல் இருக்கும். தாமான் நடுவே இடுங்கிக் கிடக்கும் சில பள்ளிகள் விதிவிலக்கு. காற்பந்துத் தூண்கள், ஓட்டப் பந்தயக் கோடுகள், சுற்றிலும் வடிகால். அது பச்சைதானே, போதாதா? போதாது என்றே ஆய்வுகள் சொல்கின்றன, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவை. மிச்சிகன் மாநிலத்தில் 101 உயர்நிலைப் பள்ளிகளை ராட்னி மட்சுவோக்கா ஆராய்ந்து 2010-இல் எழுதினார். உணவுக்கூடத்துச் சன்னல் வழியே மரமும் புதரும் தெரிந்த பள்ளிகளில் தேர்வு முடிவுகள் மேலாக இருந்தன. ஆனால் பரந்த புல்வெளி, விளையாட்டுத் திடல், வாகன நிறுத்துமிடம் இவை மட்டுமே கண்ணில் பட்ட பள்ளிகளில் முடிவுகள் தாழ்ந்திருந்தன. சிக்காகோவில் மிங் குவோவும் அவருடைய குழுவினரும் 318 அரசுத் தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். அங்கும் 2018-இல் வெளியான முடிவு அதேதான்: பள்ளி வளாகத்தில் மரங்களின் பரப்பு கூடக் கூடக் கணிதப் புள்ளிகள் கூடியிருந்தன, புல்லுக்கும் குறுஞ்செடிகளுக்கும் அந்தத் தொடர்பு இல்லை.

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிதான் வடக்கே. பத்து மணிக்கு மேல் திடலின் நடுவில் நின்று பார்த்தவருக்கு இதைப் புள்ளிவிவரம் வந்து சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் எங்கே போய்ச் சேருகிறார்கள்? ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கீழே. அதன் வேர்ப் புடைப்பில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் கறுப்புக் காய்களைப் பொறுக்குவார்கள். இன்னொருத்தி புல்லுக்குள் தொட்டாற்சிணுங்கியைத் தேடித் தேடித் தொட்டு, எவ்வளவு நேரத்தில் இலை மறுபடி விரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். மழை வருமுன் மரமே இலைகளை மடக்கிக்கொள்வதையும் அவர்களில் யாராவது கவனித்திருப்பார்கள். இவையெல்லாம் அறிவியல் பாடநூலில் தாவரங்களின் தூண்டல் துலங்கல் என்ற தலைப்பில் வரும். திடலின் மற்ற இடமெல்லாம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

வெயிலும் தனியாகவே படிப்பைக் கெடுக்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு கோடி மாணவர்களின் தேர்வு முடிவுகளை வெப்பநிலையோடு ஒப்பிட்டு ஜிசுங் பார்க் முதலானோர் 2020-இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. குளிர்சாதனம் இல்லாத பள்ளியில், கல்வியாண்டின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால், அந்த ஆண்டுக் கற்றலில் ஒரு விழுக்காடு போய்விடுகிறது. ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் என்பது நம் கணக்கில் அரை டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல். நம் வகுப்பறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூரை விசிறிதான் கதி. 2023 மே மாதம் வெப்பம் எகிறியபோது, பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் அனைத்தையும் நிறுத்தும்படி கல்வியமைச்சு உத்தரவிட்டது நினைவிருக்கும். அது சரியான உத்தரவுதான். ஆனால் நிழல் இல்லாத திடலைக் கட்டிவைத்துக்கொண்டிருந்தால் ஆண்டுதோறும் அப்படி உத்தரவு போட்டுக்கொண்டேயிருக்க வேண்டிவரும். மரம் இலைவழி நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் என்று படித்திருப்போம். ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் அந்தப் பலன் கொஞ்சம் குறைவு. நிழலின் பலன் அப்படியில்லை. சுவரும் சிமெண்டுத் தளமும் கொதிக்காமல் காப்பது அதுதான்.

பார்சிலோனா ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. பசுமையால் வந்ததாகத் தெரிந்த பலனில் 20 முதல் 65 விழுக்காடு வரை, காற்றில் வாகனப் புகைக்கரி குறைவாக இருந்ததாலேயே வந்தது. மரம் இருக்கும் இடத்தில் சாலை இல்லை என்பது ஒரு காரணமாகலாம், இலைகள் கொஞ்சம் தூசியைப் பிடித்துக்கொள்கின்றன என்பது இன்னொன்று. காற்றுக்கும் படிப்புக்கும் உள்ள உறவை ஜொகூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பாசிர் பூத்தே பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் மூச்சுத் திணறி விழுந்தார்கள். மார்ச் 13 அன்று அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இப்படிப்பட்ட நஞ்சை எந்த மரமும் தடுக்காது. அது சட்டத்தின் வேலை, அமலாக்கத்தின் வேலை. தொழிற்பேட்டைக்கும் பள்ளிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறோம், அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்பதை நகரத் திட்டமிடுவோர் யோசித்தாக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையின் ஒரு பாதி பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் நடந்தது. கேத்ரின் ரோஸ் முதலானோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சீன இனத்தைச் சேர்ந்த 6, 7 வயதுப் பிள்ளைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டார்கள். சிட்னியில் கிட்டப்பார்வை 3.3 விழுக்காடு. சிங்கப்பூரில் 29.1. பெற்றோரின் கண்ணாடியை வைத்து இதை விளக்க முடியவில்லை. வாசிப்பு நேரத்தை வைத்தும் முடியவில்லை, சிட்னிப் பிள்ளைகள் வாசிப்பில் குறைந்தவர்களில்லை. பெரிய வேறுபாடு வெளியே இருந்த நேரத்தில். சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி. பிறகு சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் சோதனையே செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற வகுப்பு. மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வழக்கமான பள்ளிகளில் 39.5. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமினைச் சுரக்கவைத்து, கண்கோளம் நீண்டுபோவதைத் தடுக்கிறது என்பதே இப்போதைக்கு வலுவான விளக்கம். இதற்கு மரம்கூட வேண்டியதில்லை, வெளிச்சம் போதும். ஆனால் நம் ஊரில் நிழல் இல்லாமல் பிள்ளையை 40 நிமிடம் வெளியே வைத்திருக்க முடியுமா? மரத்தின் கீழே நின்றாலும் வகுப்பறை விளக்கைவிட வெளிச்சம் பல மடங்கு அதிகம்.

இதையெல்லாம் படிக்கும் ஐம்பது, அறுபது வயது ஜொகூர்த் தமிழருக்கு ஓர் ஏக்கம் வரும். தோட்டத்தில் நமக்கு இதெல்லாம் சும்மாவே கிடைத்ததே என்று. உண்மைதான். லயத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் ரப்பர்க் கொட்டை பொறுக்கப் போவார்கள். வெயில் நாளில் காய் படீரென்று வெடித்து, கொட்டை வெகுதூரம் போய் விழும். ஒரு கொட்டைமேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தால், உடையாத கொட்டைக்குச் சொந்தக்காரன் வென்றான். எந்த மரத்துக் கொட்டை கெட்டி என்பது ஒவ்வொருவனுக்கும் தெரியும். அந்த மரத்தை வெளியில் சொல்லமாட்டான். கொட்டையைச் சிமெண்டுத் திண்ணையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்தால் சுரீரென்று சுடும். உராய்வு வெப்பத்தை உண்டாக்கும் என்று பிறகு இடைநிலைப்பள்ளியில் ஆசிரியர் சொன்னபோது, அதைத் தோலே முன்பு கற்றிருந்தது. உடலும் சேர்ந்தே கற்றது. நார்வேயில் இங்குன் ஃப்யோர்டாஃப்ட், 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளில் ஒரு குழுவைப் பாலர்பள்ளிக்கு அருகிலிருந்த காட்டில் நாள்தோறும் விளையாடவிட்டு, இன்னொரு குழுவை வழக்கமான விளையாட்டுத் திடலில் விட்டு ஒப்பிட்டார். காட்டில் விளையாடியவர்களின் சமநிலையும் உடல் ஒத்திசைவும் நன்றாக முன்னேறியிருந்தன. மேடு பள்ளமும் வேரும் கல்லும் செய்த பயிற்சி.

ஆனாலும் தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. அந்தப் பச்சைக்கு நடுவே இருந்த பள்ளிகளில் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளைப் பார்த்துக்கொண்டதுண்டு. நூலகம் கிடையாது. களைக்கொல்லி தெளித்துவிட்டு வந்த தாயின் சட்டையில்தான் பிள்ளை முகம் புதைத்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி நாடு முழுவதும் தடை செய்யப்பட்டதே 2020-இல்தான். பசுமை மட்டும் பிள்ளையைப் படிக்கவைக்கும் என்றால் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டதாரிகள் ஆகியிருக்க வேண்டும். நல்ல ஆசிரியரும் வயிற்றுக்கு உணவும் வீட்டில் நிம்மதியும் முதலில். பசுமை அவற்றுக்கு அடுத்தது. ஆனால் அவற்றை எல்லாம் சேர்த்துத் தாங்குவது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. ஜொகூரின் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டன. புதிய கட்டடம், கணினி அறை, நல்ல கழிப்பறை எல்லாம் வந்தன, மகிழ்ச்சி. மரம்தான் உடன் வரவில்லை. இடம்பெயர்ந்த பள்ளிக்கு நன்கொடை திரட்டும்போது மண்டபத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் பணம் கேட்போம். நிழலுக்கு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பாடத்தையும் பசுமையையும் இணைத்த முயற்சி ஒன்று ஜொகூரிலேயே உண்டு. கேலாங் பாத்தாவுக்கு அப்பால், தஞ்சோங் கூப்பாங் முக்கிமில் மீனவக் கம்பங்கள் இருக்கின்றன. அங்கே 2008-இல் சேரினா ரஹ்மானும் உள்ளூர்க்காரரான ஷாலான் ஜுமாட்டும் கெலாப் அலாமி என்ற சிறுவர் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வாய்த்த வகுப்பறை மெராம்போங் கடற்புல் மேடு. கடல் நன்றாக வற்றும் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் புல்வெளி. கடற்குதிரை இருக்கும், ஆவுளியா மேய வந்துபோகும். கடற்புல்லை அளக்கும் முறை எளிது. அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை விழுக்காடு புல், என்ன வகை, இலை எவ்வளவு நீளம், என்னென்ன உயிர்கள் என்று எழுத வேண்டும். எப்போது கடல் வற்றும் என்று முன்கூட்டியே அட்டவணை பார்க்க வேண்டும். விழுக்காடு, சராசரி, அளவீடு, பெயர்கள், வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லும் மொழி என்று பாடத்திட்டத்தில் பாதி அந்தச் சேற்றிலேயே நடந்துவிடுகிறது. 2014-இல் ஃபாரஸ்ட் சிட்டி என்ற நகரத் திட்டத்துக்காக அங்கே கடலைத் தூர்க்கத் தொடங்கியபோது, கடற்புல் மேட்டின் ஒரு பகுதி மண்ணுக்கடியில் போனது. அதற்குள் தங்கள் கடலில் எங்கே என்ன இருந்தது என்று சொல்லத் தெரிந்த இளைஞர்கள் அந்தக் கம்பங்களில் உருவாகியிருந்தார்கள். நகரப் பள்ளி ஆண்டுக்கு ஒருமுறை எண்டாவ்-ரொம்பினுக்குப் பேருந்து எடுத்துப் போவதைவிட, நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போவதற்கு மதிப்பு அதிகம் என்பேன். மாற்றம் என்பது திரும்பிப் போனவர்களுக்கு மட்டுமே தெரியும்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால் அடங்கமாட்டார்கள், திரும்பி வந்த பிறகு அரை மணி நேரம் வீண் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். மிங் குவோ இதையும் சோதித்தார். 9, 10 வயது மாணவர்களின் இரண்டு வகுப்புகள், பத்து வாரம், ஒரே பாடத்தை ஒருநாள் வெளியே புல்தரையில், இன்னொரு நாள் உள்ளே. அதற்கு அடுத்த பாடவேளையில், பிள்ளைகளை அதட்டித் திருப்ப ஆசிரியர் எத்தனை முறை பாடத்தை நிறுத்துகிறார் என்று எண்ணினார்கள். வெளிப்பாடத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இரண்டே வகுப்புகளில் நடந்த சிறிய ஆய்வுதான்; பெரிதாக ஊத வேண்டாம். ஆனால் நேரம் வீணாகும் என்ற வாதத்துக்கு எதிரான சான்று அது. மேலும் ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. எந்தத் தேர்வுக்காக ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் ஓய்வு நேரத்தை இன்னும் எடுத்துக்கொள்கிறோம்?

பெற்றோரின் பயங்கள் வேறு. டிங்கி, பாம்பு, மரம் விழுந்துவிடுமோ என்ற அச்சம். எதையும் நான் அலட்சியப்படுத்தமாட்டேன். டிங்கியைப் பரப்பும் கொசுக்களில் ஒன்றான ஏடிஸ் எகிப்தி, பெரும்பாலும் வாளி, பூந்தொட்டித் தட்டு, அடைபட்ட கூரைப் பீலி போன்றவற்றில் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவது. மரத்தை வெட்டினால் அது போகாது. இன்னொன்றான ஏடிஸ் அல்போபிக்டஸ் மரப்பொந்து, மூங்கில் அடிக்கட்டை, இலைக்கக்கத்து நீர் இவற்றையும் பயன்படுத்தும். ஆகவே மரம் நட்டால் வாரம் ஒருமுறை பார்த்துத் துடைக்க ஆள் வேண்டும். பிள்ளைகளையே அதற்கு அழைத்துப்போகலாம், உருப்பெருக்கியோடு. பாம்புக்குப் புதரைக் குறைத்து, குப்பையைக் குவிக்காமல், அடிமரம் தெரியும்படி வைத்தால் பெரும்பாலும் போதும். கிளைகளை ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் செய்ய வேண்டும். காற்றும் மழையும் வருமுன் அதைச் செய்வது நல்லது. மண்ணில் விளையாடினால் நோய் வரும் என்ற பொதுவான அச்சத்துக்குப் பின்லாந்திலிருந்து ஒரு பதில் உண்டு. 10 பாலர் பராமரிப்பு நிலையங்களில் 75 பிள்ளைகள். சில நிலையங்களின் கற்பரப்பு முற்றத்தில் காட்டுத் தரையைப் பெயர்த்து வந்து விரித்தார்கள். 28 நாளில் அங்கே விளையாடிய பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின; இரத்தத்தில் நோயெதிர்ப்பைச் சமன்படுத்தும் குறிகள் கூடின. வெளியான ஆண்டு 2020. நம் ஊர் மண்ணில் கொக்கிப்புழுவும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் இருப்பதால், செருப்பும் கைகழுவலும் நமக்குக் கூடுதலாக வேண்டும்.

2021 ஜனவரியில் மலேசியா 10 கோடி மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கியது. எண்ணிக்கை பெரிது. என் கேள்வி எங்கே என்பதுதான். மலைச்சரிவில் நட்ட மரம் நாட்டுக்கு நல்லது. மாசாயில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு அது கண்ணில் படாது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வகுப்பறைச் சன்னலிலிருந்து தெரியும் நான்கு மரங்கள், திடலின் மேற்கு ஓரத்தில் பிற்பகல் வெயிலை மறைக்கும் ஒரு வரிசை, இருபது பிள்ளைகள் வட்டமாக உட்காரும் அளவுக்கு ஒரு நிழல். தூங்குமூஞ்சியும் அங்சானாவும் கெத்தாப்பாங்கும் நம் மண்ணில் வேகமாக வளர்பவை. ரம்புத்தான் வைத்தால் பழமும் உண்டு, அணிலும் வரும். இடம் குறுகிய பள்ளிகள் வேலியோரம் கொடி ஏற்றலாம், வாசல்களுக்கு எதிரே தொட்டிச் செடிகள் வரிசை வைக்கலாம். முழுப் பலன் வராது. ஆனால் இலினாய் மாணவர்கள் பார்த்ததும் சன்னலுக்கு வெளியே நின்ற செடிகொடிகளைத்தான்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது இரண்டே கேள்விகளை எடுத்துப் போங்கள். நம் பள்ளியின் எந்தெந்த வகுப்பறைச் சன்னலில் ஒரு மரமாவது தெரிகிறது? ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் நிற்க நிழல் எங்கே இருக்கிறது? பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த கோத்தோங் ரோயோங்கில் சுவருக்குச் சாயம் அடிப்பதை ஒருமுறை தள்ளிவைத்துவிட்டுக் குழி தோண்டுங்கள். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை ஆறாம் ஆண்டை முடிக்குமுன், ஓர் அங்சானா அதற்கு நிழல் தரும் உயரத்துக்கு வந்துவிடும்.